பொறுக்காமல் வாங்கிய பற்றறி

வாசகரே, இதில் நீங்கள் எனக்குச் சாட்சியாக இருக்க வேண்டும். நடுவராக இருக்கும்படி கேட்கமாட்டேன். நடுவர்களை நோக்கிப் பேசியே வளர்ந்தவன் நான். அவர்கள் மணியடித்து, தீர்ப்புச் சொல்லி, தேநீர் குடித்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள். சாட்சி அப்படிப் போய்விட முடியாது. கண்டது அவரோடேயே இருக்கும். ஒரு நண்பனிடம் சொல்ல வேண்டியிருந்த ஒரேயொரு வாக்கியத்தை, வாயும் இருந்து நேரமும் இருந்து, நான் எப்படிச் சொல்லாமல் விட்டேன் என்பதற்கு இதுவரை மனிதச் சாட்சி எதுவும் இல்லை. கூடவே இருந்து கண்டது ஒரு மோட்டார் சைக்கிளின் பற்றறி மட்டும்.

எண்பதுகள் தொடங்கிய காலம். நெடுங்கேணிக்கு அப்பால், ஒரு குளத்தின் கீழே எங்களுக்கு வயல். குடாநாட்டிலிருந்து வந்து காணி எடுத்துக் குடியேறிய குடும்பம் எங்களுடையது. பள்ளிக்கூடம் முடித்தபின் ஐயாவுக்கு வயலில் உதவியாக இருந்தேன் என்று சொன்னால் அது பாதி உண்மை. மீதிப் பாதி நாட்களில் மேடைகளில் இருந்தேன். ஒட்டுசுட்டான், முள்ளியவளை, வற்றாப்பளை, முரசுமோட்டை என்று எங்கே கோயில் திருவிழா நடந்தாலும், எங்கே வாசிகசாலைக்கு ஆண்டுவிழா வந்தாலும், விவாத அரங்குக்கு எனக்கு அழைப்பு வரும். என் குரல் நல்ல குரல் என்று பிறர் சொல்லித்தான் நான் அறிய வேண்டியிருந்தது என்று பணிவு காட்டப் போவதில்லை. எனக்கே தெரியும்.

அந்த மேடைகளுக்கு என்னைக் கொண்டுபோனது ஐயா வாங்கித் தந்த ஜப்பான் மோட்டார் சைக்கிள். ஒருவர் சில ஆண்டுகள் பாவித்துவிட்டுக் கொடுத்தது. இரட்டைச் சிலிண்டர், பன்னிரண்டு வோல்ட். அதன் இயல்பு ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். சில மோட்டார் சைக்கிள்கள் பற்றறி செத்தாலும் உதைத்த உதையில் ஓடும். எங்களுடையது அந்த இனமன்று. இயந்திரத்துக்கு வேண்டிய நெருப்புப் பொறியே பற்றறியிலிருந்துதான் போக வேண்டும். பற்றறி இளைத்தால் வண்டியும் இளைக்கும். அது நின்றால் இதுவும் நிற்கும்.

இவற்றையெல்லாம் எனக்குச் சொன்னவன் என் நண்பன். எழுபத்தேழுக் கலவரத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து உடுத்த உடையோடு வந்த குடும்பங்களில் ஒன்று அவனுடையது. காட்டோரத்தில் ஒரு துண்டு நிலம் கிடைத்து அங்கே இருந்தார்கள். தகப்பனார் எங்கள் பக்கத்தில் காடு வெட்டப் போனார், வாய்க்கால் வெட்டப் போனார். எங்கள் வயலுக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலை வெட்டிய கூட்டத்திலும் அவர் இருந்தார். நண்பனுக்கு என் வயது. தேயிலைத் தொழிற்சாலையின் இயந்திர அறையில் வேலை பழகியிருந்ததால், எங்கள் ஊரில் எந்த இயந்திரம் இருமினாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள்.

நான் அவனைக் கவனித்தது வாசிகசாலையில். பத்திரிகையின் தலைப்பிலிருந்து கடைசிப் பக்கத்தின் கீழ்வரி வரை படிப்பான். படித்துவிட்டு மடித்து அடுத்தவர் கையில் கொடுக்கும்போது ஏதாவது ஒன்று சொல்லுவான். அந்த ஒன்றுக்காக ஆட்கள் வாங்குப் பலகையில் காத்திருந்தார்கள். அவனை நான்தான் மேடைக்கு இழுத்தேன். எப்போதும் எனக்கு எதிரணி. வயலுள்ள வீட்டுப் பிள்ளை என்பதாலோ என்னவோ என்னை ‘நீங்க’ என்றே அழைத்தான். எத்தனையோ தரம் மறித்தும் விடவில்லை. மேடையில் மட்டும், எதிரணித் தலைவரே என்று கூப்பிட்டு என் வாதத்தைக் கிழித்துத் தோரணம் கட்டுவான். கீழே இறங்கியதும் வண்டித் திறப்பை வாங்கி, பக்கத்து மூடியைத் திறந்து கழற்றி, பற்றறியில் தண்ணீர் மட்டம் பார்ப்பான்.

போகும்போதும் வரும்போதும் பின்னிருக்கையில் அவன். காற்றில் பேச்சுப் பறந்துவிடாமல் இருக்க என் இடது காதுக்குப் பக்கமாகக் குனிந்து பேசுவான். நானும் தலையை அந்தப் பக்கம் சரித்துக் கேட்பேன். பாலை மரங்களுக்கு நடுவே செம்மண் தூசி எழுப்பிக்கொண்டு போன அந்தப் பாதைகளில் நாங்கள் வாதிட்டவைதான் உண்மையான விவாதங்கள். இன்றும் தனியே ஓடும்போது என் தலை தானாக இடப்பக்கம் சரிகிறது. வளைவுகளில் வண்டி இலேசாக இருக்கிறது. இலேசாக இருப்பதை ஒரு குறையாக உணர்வேன் என்று யாராவது அன்று சொல்லியிருந்தால், அதற்கு எதிராக அரை மணி நேரம் பேசியிருப்பேன்.

வற்றாப்பளையில் வைகாசிப் பொங்கல் காலத்தில் ஓர் அரங்கு. வயலை வாழவைப்பது குளமா, வாய்க்காலா என்பது தலைப்பு. சீட்டுக் குலுக்கியதில் எனக்கு வாய்க்கால் விழுந்தது, அவனுக்குக் குளம். வாய்க்காலுக்காக எவ்வளவும் பேசலாம்; ஆனால் முடிப்பதற்கு எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. முள்ளியவளையைத் தாண்டும்போது அதை அவனிடம் சொல்லிக் குறைப்பட்டேன். அவன் என் காதருகே குனிந்தான்.

“குளத்தக் கட்டுன ராசா பேரு ஊருக்கே தெரியும். வாய்க்கால வெட்டுனவன் பேரு யாருக்கும் தெரியாது. ஆனா நெல்லுக்குத் தெரிஞ்சது வாய்க்கால் மட்டுந்தான். இதச் சொல்லி முடிங்க.”

எதிரணிக்காரன் இதை எனக்கு ஏன் தருகிறான் என்று கேட்டேன்.

“நான் குளத்துக்குப் பேசுறவன். என்னால இதச் சொல்ல முடியாது. சொல்லாம விட்டா வீணாப் போயிரும்” என்றான்.

அதைச் சொல்லி முடித்தேன். கோயில் வீதியில் இருந்த சனம் எழுந்து நின்றது. வெற்றி எங்கள் அணிக்கு, மாலை எனக்கு. முதலில் கைதட்டியவன் அவன். அந்த வாதத்தை அதன்பின் எத்தனையோ மேடைகளில் சொன்னேன். போன இடங்களில் ‘வாய்க்கால்காரர் வந்திட்டார்’ என்று என்னைக் காட்டிச் சொல்லத் தொடங்கினார்கள். ஒவ்வொரு முறையும் அவன் கைதட்டினான். இது அவனுடையது என்று ஓரிடத்திலும் நான் சொல்லவில்லை. அவனிடம் தனியாகக்கூட, நீ தந்ததுதான் என்னை இங்கே கொண்டுவந்து நிறுத்தியது என்று சொல்லவில்லை. அந்த வாக்கியம்தான், வாசகரே, நான் முதலில் குறிப்பிட்டது.

அப்படியிருக்க அவன் வீட்டாருக்கு இந்தியாவுக்குப் போகும் கடிதம் வந்தது. எப்போதோ தோட்டத்தில் இருந்தபோது பாட்டனார் கையெழுத்திட்ட இந்தியக் குடியுரிமை விண்ணப்பத்துக்கு இப்போதுதான் பதில். தலைமன்னாரில் கப்பல் ஏற வேண்டிய நாளும் போட்டிருந்தது. அவன் எங்கள் ஊரையே தன் ஊர் என்று சொல்லப் பழகியிருந்தான். இருந்தும் தகப்பனாரும் தாயாரும் அக்காவும் போகும்போது அவன் மட்டும் நிற்பது நடக்கிற காரியமன்று.

வாசிகசாலையில் அவனுக்கு ஒரு பிரியாவிடைக் கூட்டம் வைப்பது என்று முடிவு செய்தேன். நாங்கள் முடிவு செய்தோம் என்று எழுத வேண்டும். ஆனால் முடிவு செய்தவன் நான்தான். கூட்டம் நடக்கும் நாளின் காலையில் அவனுடைய வீட்டார் சாமான்களோடு ஊர் லொறியில் வவுனியாவுக்குப் போய், பஸ் நிலையத்துக்கு அருகே தெரிந்தவர்கள் வீட்டில் தங்குவார்கள். அவன் பின்னேரக் கூட்டத்துக்காக நிற்பான். மறுநாள் விடியற்காலையில் நான் அவனை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய், ஒன்பது மணி மன்னார் பஸ்ஸுக்கு முன்னதாக அவர்களோடு சேர்த்துவிடுவேன். இதற்குத் தாயார் சம்மதிக்கத் தயங்கினார். நான் கதைத்துச் சம்மதிக்க வைத்தேன். நெடுங்கேணியிலிருந்து புளியங்குளம், புளியங்குளத்திலிருந்து வவுனியா. அந்தப் பாதை முழுவதும் அவன் என் காதருகே இருப்பான். அங்கே சொல்லிவிடலாம் என்று வைத்திருந்தேன்.

ஆனால் பழைய பற்றறி அதற்குள் இறந்துகொண்டிருந்தது. ஹோர்னை அமத்தினால் நுளம்பு காதோரம் ரீங்கரிக்கிற அளவுக்குத்தான் சத்தம். திரும்பும் விளக்கு மினுங்காமல் ஒரே நிலையில் மங்கி எரிந்தது. முனைகளில் வெள்ளைப் பூப் பூத்திருந்தது. அவன் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவி, கிரீஸ் பூசி, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்த்தான். தட்டுகள் வளைந்து, அடியில் கபில நிறச் சேறு படிந்திருந்தது. “இது போயிருச்சுங்க. புதுசுதான் போடணும்” என்று தீர்ப்புச் சொன்னான்.

கூட்டத்துக்கு முந்திய நாள் முற்பகலில் இருவருமாக வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்து ஓட்டிக்கொண்டு வவுனியாவுக்குப் போனோம். புறப்படுமுன் அவன் தென்னை ஈர்க்கு மூன்று எடுத்து, பற்றறி இருக்கும் தட்டின் நீளத்துக்கு ஒன்று, அகலத்துக்கு ஒன்று, உயரத்துக்கு ஒன்றாக முறித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பஸ் நிலையத்துக்குப் பின்னால் பற்றறி சார்ஜ் செய்யும் கடையொன்று இருந்தது. கணவர் வெளியே லொறிகளுக்கு வேலை செய்யப் போய்விடுவதால் கடையைப் பெரும்பாலும் பார்த்துக்கொண்டவர் மனைவிதான். நாங்கள் அக்கா என்போம். சேலைத் தலைப்பில் அசிட் தெறித்த சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். அதைப் பற்றிக் கவலைப்படாமல் ஓட்டைச் சேலையோடுதான் கல்லாவில் இருப்பார்.

அவர் இரண்டு பற்றறிகளை எடுத்து வைத்தார். ஒன்று பெரியது, உள்நாட்டில் செய்தது. பார்க்கும்போதே பலம் தெரிந்தது. மற்றது சிறியது, ஜப்பானியது. நான் பெரியதைக் கேட்டேன். இன்னும் சத்தமாக ஹோர்ன் அடிக்கும், இன்னும் பல நாள் உழைக்கும் என்று காரணங்களும் சொன்னேன். அவன் ஈர்க்குகளை எடுத்துப் பெரியதன் மேல் வைத்தான். அகல ஈர்க்கு ஒரு விரல் குறைந்தது. சிறியதன் மேல் வைத்தான். மூன்றும் சரியாக நின்றன. பிறகு அதன் காற்றுக் குழாய் எந்தப் பக்கம் இருக்கிறதென்று திருப்பிப் பார்த்தான். மறு பக்கமாக இருந்தால் அசிட் சங்கிலியில் வடியுமாம்.

“தம்பியர் வாயால அளக்கிறார், இவர் ஈர்க்கால அளக்கிறார்” என்று அக்கா சொன்னார். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்த விவாதத்தில் அவன் வென்றான்.

அடுத்ததில் நான் வென்றேன். அக்கா கண்ணாடிப் புனலால் ஆறு அறைகளிலும் அசிட் ஊற்றினார். பற்றறி சூடாகியது. இனி இதை மெதுவாகச் சார்ஜ் ஏற்ற வேண்டும், நாளை மத்தியானம் வந்து எடுங்கள் என்றார். முதற் சார்ஜை அவசரப்படுத்தினால் பிறகு எவ்வளவு ஏற்றினாலும் பற்றறி அந்தக் குறையோடுதான் இருக்கும் என்பது அந்தத் தொழில் செய்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. நண்பனும் அதையே சொன்னான். வண்டியை அங்கேயே விட்டுவிட்டுப் பஸ்ஸில் திரும்புவோம், நாளை காலையில் வீட்டாரோடு லொறியில் வந்து தானே பற்றறியைப் பூட்டி வண்டியைக் கொண்டுவருகிறேன் என்றான்.

எனக்கு அது பிடிக்கவில்லை. கூட்டத்துக்கு முதல் நாள் பஸ்ஸில் இறங்கி ஊருக்குள் நடந்து போவதா? நான் வாதிட்டேன். மோட்டார் சைக்கிள் ஓடும்போது தானே பற்றறியைச் சார்ஜ் செய்கிறது. வீட்டுக்குப் போகும் பாதை நீளமான பாதை. ஆகவே பாதையே முதற் சார்ஜ். எதிர்வாதங்களை நானே எழுப்பி நானே வீழ்த்தினேன். கடைக்கு வந்த ஒரு லொறிச் சாரதி வேலையை விட்டுவிட்டு நின்று கேட்டார். கடைசியில் அக்கா கையெடுத்துக் கும்பிட்டார்.

“இவர் கதைச்சுக் கதைச்சே பற்றறியைச் சார்ஜ் பண்ணிப் போடுவார். கொண்டு போங்கோ தம்பி.”

“குடுத்திருங்கக்கா. இவரு விடமாட்டாரு” என்றான் நண்பன்.

கழற்றும்போது எதிர்முனை முதலில், பூட்டும்போது நேர்முனை முதலில் என்று தனக்குத்தானே சொல்வதுபோல் எனக்குக் கேட்கச் சொல்லிக்கொண்டு கடை வாசலிலேயே பற்றறியைப் பூட்டினான். ஒரே உதை. ஹோர்ன் அடித்துக்கொண்டு ஊருக்குள் போனோம். வேலியோரம் நின்ற ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். பின்னால் இருந்தவன், இப்படியே அடித்தால் நாளைக்கு மிச்சமிருக்காது என்று காதில் சொன்னான். மேலும் இரண்டு தரம் அடித்தேன்.

மறுநாள் காலையில் லொறி அவனுடைய வீட்டாரை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. போனபின்தான் ஒன்று நினைவுக்கு வந்தது. எங்கள் ஊரில் மின்சாரம் இல்லை. வாசிகசாலைக் கூட்டங்களுக்கு ஒலிபெருக்கியை ஓட்டுவது அந்த லொறியின் பற்றறி. மற்றவர்கள் ஒலிபெருக்கி இல்லாமலே நடத்தலாம் என்றார்கள். வரப்போவது நாற்பது ஐம்பது பேர். ஆனால் ஒலிவாங்கி முன் நிற்காத பேச்சை நான் பேச்சாக எண்ணியதில்லை. மோட்டார் சைக்கிளின் பற்றறியைக் கழற்றித் தரும்படி அவனிடமே கேட்டேன். தன் பிரியாவிடைக்குத் தானே கழற்றித் தானே வயர் பூட்டினான். பூட்டிவிட்டு நிமிர்ந்தவன் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது.

“கொஞ்சமாப் பேசுங்க. காலைல இது நமக்கு வேணும்.”

பின்னேர வெயில் தாழும்போது நான் பேசத் தொடங்கினேன். நட்பைப் பற்றிப் பேசினேன். கடலைப் பற்றியும் கரையைப் பற்றியும் பேசினேன். அவன் முன் வரிசையில் கதிரையில் மாலையோடு குனிந்து இருந்தான். அந்த வாக்கியம் நாவின் நுனிக்கு இரண்டு தடவை வந்தது. இரண்டு தடவையும் எதிரே இருந்த முகங்களைப் பார்த்தேன். என்னை வாய்க்கால்காரர் என்று கூப்பிட்ட முகங்கள். நாளைக்கு வழியில் சொல்லலாம், அது எங்கள் இருவருக்கும் உரியது, இவர்களுக்கு எதற்கு என்று எனக்குள்ளேயே ஒரு வாதம் வைத்தேன். அந்த வாதத்திலும் நானே வென்றேன். இடைவெளியை நிரப்ப இன்னும் பேசினேன். ஒலிபெருக்கிக் கூம்பிலிருந்து வந்த என் குரல் தேய்ந்து, கரகரத்து, அறுந்தது. நான் தொண்டையை உயர்த்தித் தொடர்ந்தேன்.

“மைக் செத்திட்டுது, ஆள் இன்னும் விடுறாரில்லை” என்று பின்னாலிருந்து ஒருவர் சொல்ல, கூட்டம் சிரித்தது. அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே பற்றறியைப் பார்த்ததை நான் கண்டேன்.

அன்றிரவு அவன் எங்கள் வீட்டில் தங்கி, பற்றறியைத் திரும்ப வண்டியில் பூட்டி வைத்தான். விடியற்காலையில் எங்கள் வாசல் படலையடியில் நின்று வண்டியை உதைத்தேன். ஒன்றுமில்லை. அவன் உதைத்தான். திறப்பைப் போட்டால் எரிய வேண்டிய பச்சை விளக்கு எரியவே இல்லை. இருவரும் மாறி மாறித் தள்ளி ஓடினோம். இயந்திரம் பெருமூச்சு விட்டதே தவிரப் பிடிக்கவில்லை. அவன் ஒரு துண்டு வயரால் இரு முனைகளையும் தொட்டுப் பார்த்தான். பொறி இல்லை.

“எல்லாம் நேத்துப் பேச்சுல கரைஞ்சிருச்சு” என்றான். குற்றம் சாட்டும் குரல் இல்லை. அதனால்தான் அது இன்னும் கேட்கிறது.

முதல் பஸ்ஸும் அன்று வரவில்லை. அந்நேரம் புளியங்குளம் போகும் உழவு இயந்திரம் ஒன்று விறகு ஏற்றிக்கொண்டு வந்தது. சாரதி எங்களுக்குத் தெரிந்தவர். நிறுத்தி இருவரையும் ஏறச் சொன்னார். நண்பன் தன் தகரப் பெட்டியை விறகின் மேல் வைத்துவிட்டு, வண்டி கிடக்கட்டும் நீங்களும் வாங்க என்றான். ஏறியிருக்கலாம். விறகுக் கட்டின் மேல் இருவருக்கும் இடமிருந்தது. ஆனால் அந்த இரைச்சலில், சாரதியின் முதுகுக்குப் பின்னால் கத்திச் சொல்லுகிற வாக்கியமா அது? என் முதுகுக்குப் பின்னால் அவன் இருக்க, அவன் காதில் விழும்படி முன்னே பார்த்துக்கொண்டு சொல்ல வேண்டியது அது. முகம் பார்த்துச் சொல்லும் துணிவு எனக்கில்லை.

“நீ போ. குளக்கட்டில ஏத்தி உருட்டி ஸ்டார்ட் பண்ணிக்கொண்டு வாறன். புளியங்குளம் போக முன்னம் உன்னைப் பிடிப்பன்.”

“பிடிச்சிருவீங்களா?”

“பிடிப்பன் எண்டால் பிடிப்பன்.”

அவன் பற்றறியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். என்னோடு வாதிட்டுப் பயனில்லை என்று அவனுக்குத் தெரியும். தன் ஸ்பனரை எடுத்து என் வண்டியின் சாமான் பெட்டிக்குள் போட்டுவிட்டு ஏறினான். உழவு இயந்திரம் வளைவில் மறையும்வரை விறகின் மேல் பின்பக்கம் பார்த்தபடி இருந்தான்.

நான் வண்டியைக் குளக்கட்டின் மேல் தள்ளி ஏற்றினேன். தண்ணீர் திறக்கும் துருசடியிலிருந்து சரிவில் உருட்டி விட்டேன். முதல் தரம் இல்லை. மறுபடி தள்ளி ஏற்றினேன். வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியது. நாலாவது முறை இயந்திரம் பிடித்தது. ஓய்ந்து கிடந்த பற்றறிக்குள் எங்கோ ஒரு மிச்சம் இருந்திருக்கிறது. வேகம் குறைத்தால் நின்றுவிடும் என்று தெரிந்து குறைக்காமலே ஓடினேன். ஹோர்ன் அடிக்கப் பயந்து அடிக்காமல் ஓடினேன். பாதையில் பாதி தாண்டிய இடத்தில் மாட்டுப் பட்டியொன்று குறுக்கே போய்க்கொண்டிருந்தது. பட்டிக்காரர் தம் போக்கில் நடந்தார். வேகம் குறைந்தது, வண்டி நின்றது. அங்கிருந்து தள்ளியும் உருட்டியும் போனேன்.

புளியங்குளச் சந்தியில் உழவு இயந்திரம் விறகு இறக்கிக்கொண்டிருந்தது. நண்பன் எங்கே என்று கேட்டேன். நேரம் போகுது எண்டு வவுனியா பஸ்ஸில ஏறிட்டார் என்றார் சாரதி. ஒரு பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில்தான் ஏறினானாம். அதுவரை நெடுங்கேணிப் பாதையைப் பார்த்தபடி நின்றானாம்.

மோட்டார் சைக்கிளைத் தேநீர்க்கடைச் சுவரோடு சாத்தினேன். சாமான் பெட்டியைத் திறந்தபோது ஸ்பனரோடு அந்த மூன்று ஈர்க்குகளும் கிடந்தன. வாழ்க்கையில் முதல் தடவையாக என் கையால் பற்றறியைக் கழற்றினேன், எதிர்முனை முதலில். ஏன் கழற்றினேன் என்று எனக்கே தெளிவில்லை. வவுனியாவுக்குப் போக அது தேவையில்லை. வெறுங்கையோடு அவன் முன் போய் நிற்க முடியாது என்று தோன்றியிருக்கலாம். பஸ்ஸில் அதை நிமிர்த்தி மடியில் வைத்திருந்தேன். குழாயால் கசிந்த அசிட் சட்டையில் பட்டது அப்போது தெரியவில்லை. தோய்த்தபோதுதான் ஓட்டைகள் விழுந்தன. அந்தச் சட்டை இன்னும் இருக்கிறது. பிறகு எந்த மேடைக்கும் அதைப் போட்டதில்லை, எறியவும் இல்லை. தலைமன்னாரிலிருந்து அந்தக் கப்பலும் இப்போது ஓடுவதில்லை. முகவரி கிடைத்ததும் எழுதுகிறேன் என்றவன் எழுதவில்லை, அல்லது எழுதியது வந்து சேரவில்லை. தபால்காரர் மணியடித்தால் இன்னும் நான்தான் முதலில் எழுகிறேன்.

வவுனியாவில் இறங்கியபோது மன்னார் பஸ் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. போய்க் கால் மணி நேரம் என்றார்கள். அடுத்த பஸ் கப்பலுக்குப் பிந்திவிடும். பற்றறியைத் தூக்கிக்கொண்டு அங்கேயே நின்றேன். பாரம் கையை இழுத்தது. வேறு போக்கிடம் தெரியாமல் பின்னால் இருந்த கடைக்கு நடந்தேன்.

அக்கா என்னைக் கண்டதும் ஆச்சரியப்படவில்லை. கையை நீட்டிப் பற்றறியை வாங்கினார்.

“உங்கட சிநேகிதப் பெடியன் இப்பத்தான் வந்திட்டுப் போறார். இந்தப் பற்றறியோட ஆள் வரும், எவ்வளவு கதைச்சாலும் நாளைக்கு மத்தியானம் வரைக்கும் குடுக்காதேங்கோ எண்டு சொன்னவர்.”

வேறு ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்டேன்.

“இல்லைத் தம்பி. வாசல்ல நிண்டு றோட்டைப் பார்த்துக்கொண்டு நிண்டார். பிறகு தமக்கையார் வந்து கூட்டிக்கொண்டு போனவா.”

அவர் மூடிகளைத் திறந்து மட்டம் பார்த்து, மெல்லிய வயர்களை முனைகளில் கொளுவி, சார்ஜ் ஏற்றும் பெட்டியின் முள்ளைக் கடைசி எண்ணுக்குக் குறைத்து வைத்தார். சற்று நேரத்தில் அறைகளுக்குள் சிறு குமிழிகள் எழும் சத்தம் கேட்கத் தொடங்கியது. சுவரோரம் இருந்த வாங்கில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். முதற் சார்ஜ் இனி முழுதாக ஏறாது என்பது இருவருக்கும் தெரியும். எத்தனையோ நாள் அந்தக் குறையோடுதான் அது உழைத்தது.

“என்ன, இண்டைக்கு ஒண்டும் கதைக்கேல்லை?” என்றார் அக்கா.

எழுந்து நின்றேன். ஏன் எழுந்தேன் என்று தெரியாது. பேசுவதென்றால் எழுந்து நின்றே பழக்கம். ஒலிவாங்கி இல்லை. கேட்பதற்கு அவர் ஒருவர். பின்னால் அடுக்கில் வரிசையாகப் பற்றறிகள். வற்றாப்பளையில் நான் சொல்லி மாலை வாங்கிய வாதத்தை அவருக்குச் சொன்னேன். குளத்தைக் கட்டிய அரசனின் பெயரையும், வாய்க்கால் வெட்டியவனுக்குப் பெயரில்லாததையும், நெல்லுக்குத் தெரிந்ததையும் சொன்னேன். நல்ல கதை என்றார் அவர்.

“அது என்ர கதை இல்லை அக்கா. அவன்ர. தகப்பன் வாய்க்கால் வெட்டினதைப் பார்த்தவன் அவன். இவ்வளவு நாளும் என்ர எண்டு சொல்லித் திரிஞ்சனான். இனிமேல் எந்த ஊரில, எந்த மேடையில அதைச் சொன்னாலும், இது என்ர சிநேகிதன் தந்தது எண்டு முதல்ல சொல்லிப்போட்டுத்தான் சொல்லுவன்.”